கள்ளிச் சிவப்பு

சாலையோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் மட்டையில் சில சமயம் வெள்ளைப் பஞ்சு திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கடந்துபோவோம். அடுத்த முறை ஒரு குச்சியை எடுத்து அந்தப் பஞ்சை அழுத்திப் பாருங்கள். உள்ளேயிருந்து கருஞ்சிவப்பாக ஒரு சாறு வழியும். ரத்தமோ என்று கை ஒரு கணம் பின்வாங்கும். கள்ளிப்பழத்தின் சிவப்புதான் இப்படிக் கசிகிறது என்றும் தோன்றலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பழத்தின் சிவப்பு சில நாள் வெயிலில் வெளுத்துப்போகும். இந்தச் சிவப்பு துணியில் சரியாக ஏறிவிட்டால் நூற்றாண்டுகள் நிற்கும். இதைத் தயாரித்தது செடி அல்ல, பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பூச்சி. அதன் ஒன்றுவிட்ட உறவுக்காரப் பூச்சியைத் தேடித்தான் ஐரோப்பாவின் வணிகர்களும் ஒற்றர்களும் மருத்துவர்களும் மூன்று நூற்றாண்டு அலைந்தார்கள். அந்தத் தேடலில் சென்னை சைதாப்பேட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் செடி. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. நம் சதுரக்கள்ளிக்கும் இலைக்கள்ளிக்கும் இதோடு உறவு கிடையாது. அவற்றை ஒடித்தால் பால் வடியும், இதை ஒடித்தால் வழவழப்பான நீர்தான் வரும். வறட்சி என்ற ஒரே கேள்விக்கு இரண்டு குடும்பங்கள் தனித்தனியே கண்டுபிடித்த ஒரே விடை அந்தத் தடித்த பச்சை உடம்பு. நாம் இலை என்று நினைக்கும் மட்டை உண்மையில் தண்டு. இலைகள் முள்ளாகிவிட்டன. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது தண்ணீரும் ஆவியாகிப் போகும். சப்பாத்திக்கள்ளி பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதை எடுத்துச் சமைக்கிறது. ஒரு மட்டை முறிந்து மண்ணில் விழுந்தால் போதும், அங்கேயே வேர் விட்டுவிடும். இந்தக் குணம் பின்னால் பெரும் தலைவலியானது.

இவ்வளவு காவல் உள்ள செடிக்குள் குழாய் இறக்கிக் குடிப்பதற்கென்றே பரிணமித்தது கோச்சினீல் என்ற பூச்சி. நம் விவசாயிகள் மாவுப்பூச்சி, கள்ளிப்பூச்சி என்று சொல்கிறார்களே, அந்த வகையறாவோடு தொடர்புள்ள செதில்பூச்சி இனம். சப்பாத்திக்கள்ளியும் அதன் குடும்பமும் தவிர வேறெதையும் தொடாது. பெண்பூச்சி குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் நடக்கும். உடலில் நீளமான மெழுகு இழைகள் முளைத்திருக்கும். மட்டையின் ஓரத்துக்கு ஏறி நின்றால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த செடியில் போடும். ஓர் இடம் பிடித்துக் குழலை இறக்கிவிட்டால் அதன் பயணம் முடிந்தது. சிறகு கடைசிவரை முளைக்காது. மேலே மெழுகைப் போர்த்திக்கொண்டு குடித்தபடியே பருத்து, சுமார் மூன்று மாதத்தில் ஓர் உளுந்தின் அளவுக்கு வந்து, குஞ்சுகளை ஈன்று இறந்துபோகும். ஆண்பூச்சியின் கதை நேரெதிர். அதற்குச் சிறகு உண்டு, உண்ண வாய் இல்லை. பெண்ணைத் தேடிப் பறக்கும் சில நாள்தான் அதன் வளர்ந்த வாழ்க்கை.

ஓட முடியாது, பறக்க முடியாது, கொட்டவும் தெரியாது. பிறகு எப்படிப் பிழைக்கிறது? வேதியியலால். அதன் உடலுக்குள் இருக்கும் சிவப்பின் பெயர் கார்மினிக் அமிலம். நல்ல ரகப் பெண்பூச்சியைக் காயவைத்து எடை போட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே பொருள்தான். உடல் எடையில் இவ்வளவு பெரிய பங்கை நிறத்துக்கு ஒதுக்கக் காரணம் என்ன? அமெரிக்காவின் தாமஸ் ஐஸ்னரும் சகாக்களும் 1980-ல் விடை சொன்னார்கள்: எறும்புகளுக்கு இது பிடிக்காது. அதாவது, அரசர்கள் ஆசைப்பட்ட நிறம் பூச்சியைப் பொறுத்தவரை ஓர் எறும்பு விரட்டி. அந்த ஆய்வில் இன்னொரு வேடிக்கையும் வெளிவந்தது. கோச்சினீலை மட்டும் விரும்பித் தின்னும் ஒரு விட்டில்புழு இருக்கிறது. அமிலத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. தின்ற சிவப்பை வயிற்றில் வைத்திருந்து, எறும்பு தன்னைக் கடிக்க வந்தால் அதன்மேலேயே கக்குகிறது. திருடிய ஆயுதத்தால் காவல்!

இந்தப் பூச்சியின் காட்டு ரகங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் பொறுக்கி எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, கிட்டத்தட்ட ஒரு வீட்டு விலங்காகவே ஆக்கியிருந்தார்கள். தெற்கு மெக்சிகோவின் வஹாகா பகுதி அதற்குப் பேர்போனது. வளர்ப்பு ரகம் காட்டு ரகத்தைப் போல இரண்டு மடங்கு பெரியது, சிவப்பும் கூடுதல். காட்டு ரகத்தின்மேல் பஞ்சு அடர்ந்திருக்கும். வளர்ப்பு ரகத்தின்மேல் மாவு தூவினாற்போல மெல்லிய வெண்பொடி மட்டும்தான். பஞ்சு குறைந்தால் எடுப்பவருக்கு வேலை சுலபம், பூச்சிக்கோ பாதுகாப்புக் குறைவு. மழையும் குளிரும் அதைக் கொன்றுவிடும். அதனால் வஹாகா விவசாயிகள் தாய்ப்பூச்சிகளைச் சிறு நார்க்கூடுகளில் வைத்து மட்டை மட்டையாகக் கட்டினார்கள்; எதிரிகளைக் கையால் பொறுக்கினார்கள்; முற்றிய பூச்சிகளைத் துடைப்பம்போன்ற சிறு தூரிகையால் கீழே தள்ளிச் சேர்த்தார்கள். பிறகு வெந்நீரிலோ வெயிலிலோ சூட்டிலோ கொன்று உலர்த்த வேண்டும். பஞ்சு, மாவு என்ற இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஆஸ்டெக் பேரரசு தன் கீழிருந்த ஊர்களிடமிருந்து உலர்ந்த கோச்சினீலை மூட்டைக் கணக்கில் கப்பமாக வாங்கியது. 1521-ல் அந்தப் பேரரசை வீழ்த்திய ஸ்பானியர்கள் முதலில் தேடியது தங்கத்தையும் வெள்ளியையும்தான். சந்தையில் மூட்டைகளில் கிடந்த சாம்பல் நிறப் பருக்கைகளின் மதிப்பு சற்றுத் தாமதமாகப் புரிந்தது. அதற்கு முன் ஐரோப்பாவில் சிவப்புப் பட்டுக்கும் கம்பளிக்கும் கெர்மிஸ் என்ற வேறொரு பூச்சியை நம்பியிருந்தார்கள். கோச்சினீலில் பல மடங்கு வீரியம். மெக்சிகோவிலிருந்து போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த இடம் விரைவிலேயே இந்தப் பூச்சிக்குக் கிடைத்தது. ஒரு கிலோ சரக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். 1774-ல் வஹாகாவில் பதிவான விளைச்சல் சுமார் 15 லட்சம் பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட ஏழு லட்சம் கிலோ. பெருக்கிப் பார்த்தால் ஒரே ஆண்டில் பத்தாயிரம் கோடிப் பூச்சிகள். அத்தனையும் பழங்குடிக் குடும்பங்கள் தம் வீட்டையொட்டிய சிறு கொல்லைகளில் கையால் பொறுக்கியவை. பெரிய பண்ணைகள் இந்தத் தொழிலில் அங்கே எடுபடவில்லை. இவ்வளவு நுணுக்கமான வேலையைக் கூலிக்கு மாரடித்துச் செய்ய முடியாது.

ஸ்பெயின் இந்தச் சரக்கின் பிறப்பைப் பொத்திப் பாதுகாத்தது. உலர்ந்த பூச்சிக்குக் காலும் தெரியாது, தலையும் தெரியாது. சுருங்கிய விதைபோல இருக்கும். அதனால் இது காயா, விதையா, புழுவா என்று ஐரோப்பா நூறாண்டுக்கு மேல் விவாதித்தது. நுண்ணோக்கியில் உலகத்தையே புதிதாகப் பார்த்த லேவன்ஹுக்கும்கூட முதலில் காய் என்றுதான் நினைத்தார். பிறகு ஊறவைத்துக் கூறுபோட்டுப் பார்த்து, பூச்சியின் உடல் என்று 1704-ல் எழுதினார். அப்போதும் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்துக்காரர் ஒருவர், மெல்கியோர் டி ரூஷர், நண்பரோடு இதற்காகப் பந்தயமே கட்டிவிட்டார். ஜெயிப்பதற்கு அவர் எடுத்த வழி அலாதியானது. வஹாகாவில் கோச்சினீல் வளர்ப்போரிடம் நீதிமன்றத்தில் வாக்குமூலம் வாங்கி வரச்செய்து, அதை 1729-ல் புத்தகமாகவே அச்சிட்டார். ஓர் உயிரினம் உயிரினம்தான் என்று சாட்சி வைத்து நிரூபித்த நிகழ்ச்சி அறிவியல் வரலாற்றில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இனி துணி. கோச்சினீலை நீரில் கொதிக்கவைத்துத் துணியைப் போட்டால் மட்டும் நிறம் நிற்காது. நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே ஓர் உலோகம் நின்று, ஒரு கையால் இதையும் மறு கையால் அதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படி நிறத்தை நூலில் ஊன்றவைக்கும் பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். அதிலும் ஒரு மாயம் உண்டு: உலோகம் மாறினால் நிறமும் மாறும். படிகாரத்திலுள்ள அலுமினியம் நீலம் கலந்த கருஞ்சிவப்பைத் தரும். இரும்பு பட்டால் ஊதா, சாம்பல். தகரம் என்றால் தீக்கொழுந்தின் செந்நிறம். இந்தத் தகர வித்தையைக் கண்டவர் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வாழ்ந்த கோர்னெலிஸ் டிரெபெல். தேம்ஸ் நதியில் நீர்மூழ்கிப் படகு ஓட்டிக் காட்டினாரே, அதே டிரெபெல்தான். அமிலத்தில் கரைந்த தகரம் கோச்சினீல் பாத்திரத்துக்குள் தவறி விழுந்ததாம். இப்படித் தவறி விழும் கதைகள் சாய வரலாற்றில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கின்றன. நம்புவது உங்கள் விருப்பம். அவருடைய மருமகன்கள் லண்டனை அடுத்த போ என்ற ஊரில் சாயப்பட்டறை போட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் பளபளக்கும் சிவப்புக் கோட்டு கோச்சினீலில் தோய்ந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு மஞ்சிட்டி வகை வேரின் மங்கலான சிவப்புதான் கிடைத்தது. தூரத்திலிருந்தே யார் அதிகாரி என்று நிறம் சொல்லிவிடும்.

இப்படிப்பட்ட சரக்கை ஒரு நாடு மட்டும் வைத்திருந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1777-ல் தியரி டி மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் களத்தில் இறங்கினார். சட்டம் படித்துவிட்டுத் தாவரவியலில் விழுந்தவர். வேராகுரூஸ் துறைமுகத்தில் இறங்கி, அனுமதியில்லாமல் வஹாகா வரை போனார். கேட்டவர்களிடம் கீல்வாதத்துக்கு மருந்து செய்யக் கள்ளி வேண்டும் என்றார். பூச்சி ஒட்டிய மட்டைகளை வேறு செடிகளோடு கலந்து பெட்டிகளில் அடைத்து, சுங்கக்காரர்களைத் தாண்டி, இன்றைய ஹைட்டியில் இருந்த பிரெஞ்சுக் காலனிக்குக் கொண்டு சேர்த்துவிட்டார். துணிச்சலில் குறையில்லை. ஆனால் 1780-ல் அவர் இறந்துபோக, கவனிப்பு இல்லாமல் மாவு ரகம் அழிந்தது. பஞ்சு ரகம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதே ஆசை. இங்கே ஒரு சந்தேகம் எழலாம்: சோழமண்டலக் கரையில் சிவப்புக்குப் பஞ்சமா என்ன? சாயவேரைத் தோண்டி எடுத்து, அதன் சிவப்பைத் துணியில் ஏற்றி உலகுக்கே அனுப்பிய கரை இது. ஆனால் அந்தச் சிவப்பு பருத்திக்கு உரியது. கோச்சினீல் பிடிப்பது பட்டையும் கம்பளியையும். இங்கிலாந்தின் தொழிலே கம்பளி.

சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-ல் இந்தப் பக்கத்துப் புல்லில் கோச்சினீல் போன்ற ஒரு பூச்சியைக் கண்டு, லண்டனில் தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் போட்டார். அந்தப் பூச்சியால் பயனில்லை என்று தெரிந்தது. ஆசை மட்டும் தொற்றிக்கொண்டது. லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து கள்ளிகள் கப்பலேறி வந்தன. சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் எழுந்தது. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி பார்த்துக்கொண்டார். பந்தல் போட்டாயிற்று, மாப்பிள்ளை வரவில்லை. பூச்சி வேண்டுமே!

1795-ல் பூச்சி வந்தது. கேப்டன் நீல்சன் என்பவர் கப்பல் ரியோ டி ஜெனீரோவில் நின்றபோது பூச்சி பிடித்த கள்ளி மட்டைகளை வாங்கி, கடல்வழியில் காப்பாற்றிக் கல்கத்தாவில் கொண்டுவந்து இறக்கினார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. மட்டைக்கு மட்டை பல்கிப் பெருகியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சாயம் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வந்தது மாவு ரகம் இல்லை, பஞ்சு ரகம்! பிரேசில் காட்டுப் பூச்சி. நிறம் மட்டம், பஞ்சை நீக்குவதே பெரும்பாடு. மெக்சிகோவோடு போட்டியிட வழியில்லை. வந்த பூச்சிக்கு ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. இலங்கையில் கிடைத்த மாதிரியை வைத்துச் சிலோனின் பெயரையே சூட்டிவிட்டார்கள். தென்னமெரிக்காவில் பிறந்த பூச்சி அறிவியல் ஏட்டில் இன்றும் இலங்கைக்காரர்.

சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி வேறொரு வேலையைச் சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. இந்தியாவில் ஏற்கெனவே வேலிக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் நட்ட ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளி கட்டுமீறிப் பரவியிருந்தது. பூச்சி அதைக் குடித்துக் குடித்தே கொன்றது. வட இந்தியாவில் கள்ளிக்காடுகள் மறைவதைக் கண்டவர்களுக்கு யோசனை உதித்தது. 1830-களில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இம்முறை சாயத்துக்காக அல்ல, களையை அழிப்பதற்காகவே. 1860-களில் இலங்கைக்கும் போனது. களையை அதன் இயற்கை எதிரியை விட்டே அடக்கும் இந்த முறையை உயிரியல் கட்டுப்பாடு என்கிறார்கள். அதற்கென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பிய முதல் வெற்றிகரமான நிகழ்ச்சியாக இந்திய-இலங்கைப் பரிமாற்றத்தைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் தெற்கில் இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளியும் இருந்தது. மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமும் விடும், நாம் இன்று பார்க்கும் வகை. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. சிலோன் பெயர்கொண்ட பூச்சி இதைச் சீண்டவே இல்லை. செதில்பூச்சிகளின் நாக்கு அவ்வளவு துல்லியம். மேய்ச்சல் நிலமும் ஊர்ப் பொதுநிலமும் முள்ளுக்குள் மூழ்கின; வெட்டினால் துண்டுக்கு ஒரு செடி முளைத்தது. 20-ம் நூற்றாண்டில்தான் சரியான ஆள் கிடைத்தார்: வட அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு பஞ்சுக் கோச்சினீல். ஆஸ்திரேலியா வழியாக 1924-ல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926-ல் இந்தியாவுக்கும் வந்தது. செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. பூச்சி பிடித்த மட்டையைக் கொண்டுபோய்ப் புதரின்மேல் போட வேண்டும், பிறகு காற்று பார்த்துக்கொள்ளும். சில ஆண்டுகளுக்குள் கள்ளிக்காடுகள் வாடி, கறுத்து, சரிந்தன. முழுக்க அழியவில்லை, அழித்துவிட்டால் பூச்சியும் பட்டினி கிடக்க வேண்டுமே. செடி கொஞ்சம் தலையெடுக்கும், பூச்சி வந்து அடக்கும். சாலையோரம் நீங்கள் குச்சியால் குத்தும் பஞ்சு பெரும்பாலும் இந்த இரண்டாவது பூச்சியின் வம்சம்.

ஆஸ்திரேலியா பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நம் பாடு சிறிது. அங்கே சப்பாத்திக்கள்ளி பிடித்த நிலம் 1920-களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டின் பரப்பு 1.3 கோடி ஹெக்டேர்தான். அர்ஜென்டினாவிலிருந்து 1925-ல் இறக்கிய ஒரு சிறு விட்டிலின் புழுக்கள் ஏழெட்டு ஆண்டில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தன. குயின்ஸ்லாந்தின் பூனார்கா என்ற ஊரில் அந்த விட்டிலின் பெயரில் ஒரு நினைவு மண்டபமே இருக்கிறது.

அசல் மாவுக் கோச்சினீலின் ராஜாங்கம் வேறு விதமாகச் சரிந்தது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் 1820-களில் குடியேறிச் செழித்தது. 1856-ல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். அடுத்தடுத்துச் செயற்கைச் சிவப்புகளும் வந்தன. சில பத்தாண்டுகளில் பூச்சிக்கு விலையில்லாமல் போயிற்று. முடிந்தது கதை என்று எண்ணிய வேளையில், 20-ம் நூற்றாண்டில் சில செயற்கைச் சிவப்புகள் உடலுக்கு ஆகாது என்ற அச்சம் எழுந்து அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. இன்று உலகின் பெரும்பகுதிச் சரக்கு பெரு நாட்டிலிருந்து போகிறது. உதட்டுச்சாயம், தயிர்ப் பண்டங்கள், மிட்டாய் ஆகியவற்றின் உறையில் கார்மைன் என்றோ 120 என்ற எண்ணோ இருந்தால் அது இந்தப் பூச்சிதான். சைவர்கள் கொஞ்சம் உறையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

அண்மையில் கதை இன்னொரு திருப்பம் கண்டிருக்கிறது. மொராக்கோவில் சப்பாத்திக்கள்ளி களை அல்ல, பயிர். பழத்தை விற்பார்கள், மட்டையை ஆட்டுக்குப் போடுவார்கள், வேலியும் அதுதான். 2014-ல் அங்கே பஞ்சு தென்பட்டது. தென்னிந்தியாவில் கள்ளியை அடக்கிய அதே பூச்சி. கள்ளித்தோட்டங்கள் ஊர் ஊராகக் காய்ந்தன. வேரோடு பிடுங்கி எரித்துப் பார்த்தும் அடங்கவில்லை. இப்போது பூச்சி தாக்காத கள்ளி வகைகளைத் தேடி நடுகிறார்கள். இதே தொல்லையில் சிக்கிய இஸ்ரேல், கோச்சினீலைத் தின்னும் ஒரு பொறிவண்டையும் ஒரு சிறு ஈயையும் மெக்சிகோவிலிருந்து வரவழைத்துத் தோட்டங்களில் விட்டிருக்கிறது. மெக்சிகோவிலோ கோச்சினீல் வளர்க்கும் விவசாயிகளுக்கு இந்த மாதிரி வண்டுகளும் ஈக்களும்தான் பரம எதிரி. மட்டையில் கண்டால் பொறுக்கி நசுக்கிவிட்டுத்தான் அடுத்த மட்டைக்குப் போகிறார்கள்.